தொடக்கக் காலக் கிறித்தவ மறைசாட்சிகளின் துணிவும் நாஞ்சில் நாட்டுத் தேவசகாயமும்: ஒரு மெய்ப்பாட்டியல் நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

கிறித்தவ சமயத்தின் முதல் மூன்று நூற்றாண்டுகளில் நம்பிக்கைக்காக உயிர் நீத்தோரின் துணிவு, இன்றளவும் அச்சமயத்தாருக்கு முன்மாதிரியாக எடுத்துரைக்கப்படுகிறது. அத்துணிவு பெரும்பாலும் சாவுக்கு அஞ்சாமை என்ற அளவிலேயே விளக்கப்படுகிறது. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் கூறும் அச்சம், பெருமிதம் ஆகியவற்றின் நிலைக்களன்களைக் கொண்டு நோக்கும்போது, அது ஆள்வோர்முன் பிறழாது சான்று பகரும் துணிவு என்பது புலனாகிறது. இன்றைய கன்னியாகுமரி மாவட்டப் பகுதியில் 1752ஆம் ஆண்டு உயிர் நீத்த தேவசகாயத்தின் வாழ்வை உரோமைப் பேரரசுக் கால மறைசாட்சிகளின் வாழ்வோடு ஒப்பிட்டு, இக்கட்டுரை இக்கருத்தை நிறுவ முயல்கிறது.

திறவுச் சொற்கள்: மறைசாட்சி, தேவசகாயம், மெய்ப்பாடு, அச்சம், பெருமிதம், சான்றாண்மை, நாஞ்சில் நாடு, வடக்கன்குளம்.

முன்னுரை

வீரம் பற்றிய சிந்தனை தமிழுக்குப் புதியதன்று. புறத்திணை இலக்கியங்கள் போர்க்களத்தில் விழுப்புண் பட்டு வீழ்ந்தோரைப் போற்றுகின்றன. வீழ்ந்தோருக்குக் கல் நட்டு வழிபடும் மரபைத் தொல்காப்பியம் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்தல் என ஆறு நிலைகளாக வகுத்துரைக்கிறது. இவ்வாறு வீரரின் சாவை நினைவாக்கிப் போற்றிய ஒரு பண்பாட்டிற்குள், வாள் ஏந்தாமல், எதிர்த்துத் தாக்காமல், ஒரு சொல்லில் உறுதியாக நின்றமைக்காகக் கொல்லப்பட்ட ஒருவரை வீரராகக் கொள்ளும் கருத்து எவ்வாறு இடம்பெற்றது என்பது ஆராயத்தக்கது.

குமரி மாவட்டத்தில் ஒவ்வோர் ஆண்டும் சனவரி 14ஆம் நாளை ஒட்டி ஆரல்வாய்மொழி அருகேயுள்ள காற்றாடிமலைக்கும், கோட்டாறு தூய சவேரியார் ஆலயத்திற்கும் மக்கள் திரளாகச் செல்கின்றனர். முன்னது தேவசகாயம் கொல்லப்பட்ட இடம். பின்னது அவர் அடக்கம் செய்யப்பட்ட இடம். 2012 திசம்பர் 2ஆம் நாள் நாகர்கோவிலில் அவர் அருளாளராகவும், 2022 மே 15ஆம் நாள் உரோமையில் திருத்தந்தை பிரான்சிசால் புனிதராகவும் அறிவிக்கப்பட்டார். இந்தியாவின் பொதுநிலையினருள் முதல் புனிதர் இவரே. துறவியோ குருவோ அல்லாத, இல்லறத்தில் வாழ்ந்த அரசு ஊழியர் ஒருவரின் துணிவு எத்தகையது, அது பிறருக்கு எவ்வகையில் முன்மாதிரியாகும் என்பதே இக்கட்டுரையின் வினா.

மறைசாட்சி என்னும் சொல்

வேதசாட்சி, மறைசாட்சி, இரத்தசாட்சி ஆகிய மூன்று சொற்களும் தமிழ்க் கிறித்தவ வழக்கில் உள்ளன. மூன்றிற்கும் பொதுவாய் நிற்பது சாட்சி என்னும் சொல். கிரேக்க மொழியில் ‘மார்த்துஸ்’ என்பதன் முதற்பொருளும் சாட்சி என்பதே. வழக்கு மன்றத்தில் தான் கண்டதைக் கூறுபவரைக் குறித்த அச்சொல், தான் நம்பியதைக் கூறியமைக்காக உயிரிழந்தவரைக் குறிக்கும் சொல்லாகக் கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் நிலைபெற்றது. எனவே மறைசாட்சி என்னும் கருத்தில் சான்று முதன்மையானது. சாவு அதன் விளைவு.

பழந்தமிழில் சாட்சியைக் குறிக்கும் சொல் ‘கரி’ என்பதாகும். ‘சான்று’ என்பதும் அப்பொருளில் வழங்குகிறது. இச்சொல்லோடு உறவுடைய ‘சான்றோர்’ என்பது பதிற்றுப்பத்து முதலிய நூல்களில் போர்வீரரையும், திருக்குறளில் நற்பண்புகள் நிறைந்தோரையும் குறிப்பதை ஆய்வாளர் சுட்டியுள்ளனர். வீரரைக் குறித்த சொல்லே பண்பில் நிறைந்தோரைக் குறிக்கும் சொல்லாகவும் அமைந்திருப்பதால், களத்தில் காட்டும் மறம் மட்டுமன்றி, நிலையில் பிறழாமையும் ஒரு வீரமே என்னும் எண்ணம் தமிழில் முன்பே வேரூன்றியிருந்தது எனலாம். மறைசாட்சி என்னும் கருத்து தமிழ் மண்ணில் எளிதில் ஏற்கப்பட்டமைக்கு இதுவும் ஒரு காரணமாகலாம்.

அச்சமும் பெருமிதமும்

தொல்காப்பியப் பொருளதிகாரத்தின் மெய்ப்பாட்டியல் எண்வகை மெய்ப்பாடுகளைக் கூறி, ஒவ்வொன்றும் தோன்றுவதற்குரிய நான்கு நிலைக்களன்களையும் வகுக்கிறது. அச்சம் தோன்றும் களன்கள் அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை என்பன. இவற்றுள் முதல் மூன்றும் புறத்தேயிருந்து வரும் தீங்குகள். நான்காவதான ‘தம் இறை’ அவ்வாறானதன்று. தம்மை ஆள்பவரும் தம்மால் மதிக்கப்படுபவருமாகிய அரசர் முதலான தலைவரையே அது சுட்டுகிறது. விலங்கை எதிர்ப்பதும் கள்வரை விரட்டுவதும் எவராலும் பாராட்டப்படும் செயல்கள். தம் இறையை மறுத்து நிற்பதோ அவ்வாறு பாராட்டப்படுவதில்லை. அது பிழை என்றும் நன்றியின்மை என்றும் தூற்றப்படும். ஆகவே இந்நான்காவது அச்சத்தை வெல்வோர், உயிரச்சத்தோடு பழியச்சத்தையும் வெல்ல வேண்டியவராகின்றனர்.

பெருமிதம் தோன்றும் களன்களாகக் கல்வி, தறுகண், புகழ், கொடை ஆகிய நான்கும் கூறப்படுகின்றன. தறுகண் என்பது அஞ்சாமை. அஞ்சாமையைக் கல்வியோடும் கொடையோடும் ஒரு வரிசையில் வைத்து எண்ணியிருப்பது கருதத்தக்கது. அறியாமையால் விளையும் அஞ்சாமை பெருமிதத்திற்குரியதன்று என்பதும், தன்னிடமுள்ளதைப் பிறர்க்கு ஈதலும் பெருமிதத்தின் பாற்பட்டது என்பதும் இவ்வரிசையால் உய்த்துணரப்படும். இவ்விரு வரையறைகளும் மறைசாட்சிகளின் துணிவை அளப்பதற்கு ஏற்ற அளவுகோல்களாகின்றன.

உரோமைப் பேரரசில் மறைசாட்சிகள்

உரோமைப் பேரரசின் அலுவலர்கள் கிறித்தவரிடம் கேட்டது பெரும்பாலும் ஒரு சிறு செயலையே. கி.பி. 112ஆம் ஆண்டளவில் பித்தினியா மாநிலத்தை ஆண்ட பிளினி, பேரரசர் திராயானுக்கு எழுதிய மடலில் தாம் கையாண்ட முறையை விளக்குகிறார். குற்றம் சாட்டப்பட்டோரை, நீர் கிறித்தவரா என மும்முறை வினவினார். மும்முறையும் ஆம் என்றோரைத் தண்டித்தார். மறுத்துரைத்துப் பேரரசரின் உருவத்திற்குமுன் நறும்புகையும் திராட்சைமதுவும் படைத்தோரை விடுவித்தார். திராயானின் மறுமொழியும் இம்முறையை ஏற்றது. ஒரு சொல்லும் ஒரு சிட்டிகை நறும்புகையும் உயிரைக் காக்கப் போதுமானவையாய் இருந்தன. மறைசாட்சிகள் மறுத்தது அதைத்தான்.

ஏறத்தாழ கி.பி. 155இல் சிமிர்னா நகரில் எரிக்கப்பட்ட ஆயர் போலிக்கார்ப்பின் வரலாறு, துணிவுக்கும் துடுக்குக்கும் உள்ள வேறுபாட்டைத் தெளிவுறுத்துகிறது. நண்பர்களின் அறிவுரையை ஏற்று அம்முதியவர் நகரைவிட்டு விலகி ஒரு பண்ணையில் தங்கினார். காவலர் தேடி வந்தபோது தப்பியோடவில்லை. அவர்களுக்கு உணவளிக்கச் செய்து, இறைவேண்டலுக்குச் சிறிது நேரம் மட்டும் கேட்டார். அதே வரலாற்றில் குயிந்து என்பவர் தாமாகவே முன்வந்து தம்மை ஒப்புக்கொடுத்தார். விலங்குகளைக் கண்டதும் அஞ்சிப் பலியிட இசைந்தார். சாவைத் தேடிச் செல்வது போற்றத்தக்கதன்று என அவ்வரலாற்றை எழுதியோர் இந்நிகழ்ச்சியைக் காட்டியே அறிவுறுத்துகின்றனர். தறுகண் கல்வியோடு சேர்த்தெண்ணப்பட்டமையின் பொருத்தம் இங்கு விளங்கும்.

கார்த்தேசு நகரில் கி.பி. 203 மார்ச் 7ஆம் நாள் உயிர் நீத்த பெர்பெத்துவா, பாலூட்டும் குழந்தையை உடைய இளந்தாய். அவர் சிறையில் எழுதிய குறிப்புகள் எஞ்சியுள்ளன. அவற்றுள் மிகுதியும் இடம்பெறுவது விலங்குகளைப் பற்றிய அச்சமன்று, தந்தையின் கண்ணீர். நரைத்த தலையோடு வந்து, குடும்பத்தின் பெயரைக் காக்குமாறு மன்றாடிய தந்தையை அவர் வெறுக்கவில்லை. அவருடைய முதுமைக்காக வருந்துகிறார். எனினும் ஒரு கலத்தை அதன் பெயரால் அன்றி வேறு பெயரால் அழைக்க முடியாததுபோல, தம்மையும் கிறித்தவர் என்றன்றி வேறொன்றாகக் கூறவியலாது என்கிறார். அவருடன் இறந்த பெலிசித்தி ஓர் அடிமைப்பெண், சிறையிலேயே மகவீன்றவர். ஈற்று நோவால் கதறியபோது ஏளனம் செய்த காவலனிடம், இந்நோவைத் தாமே தாங்குவதாகவும், களத்தில் தமக்காகத் தாங்கும் வேறொருவர் இருப்பார் எனவும் மறுமொழி கூறினார். நோவை உணராமை அவரது துணிவன்று. நோவை உணர்ந்தும் சொல்லில் மாறாமையே துணிவு. உயர்குடிப் பெண்ணும் அடிமைப்பெண்ணும் ஒரே களத்தில் அருகருகே நின்றமை, அக்காலச் சமூக அடுக்கின் முன்னிலையில் தனியொரு சான்றாகவும் அமைந்தது.

கி.பி. 250இல் பேரரசர் தேசியுசு பேரரசின் மக்கள் அனைவரும் பலியிட்டுச் சான்றிதழ் பெற வேண்டும் என ஆணையிட்டார். அச்சான்றிதழ்களுள் நாற்பதுக்கும் மேற்பட்டவை எகிப்தில் பாப்பிரசுத் தாள்களாகக் கிடைத்துள்ளன. அப்போது கிறித்தவருள் பலர் அஞ்சிப் பலியிட்டனர். சிலர் பலியிடாமலேயே பொருள் கொடுத்துச் சான்றிதழ் பெற்றனர். கார்த்தேசின் ஆயர் சிப்பிரியான் அவ்வேளையில் நகரைவிட்டு மறைந்திருந்தார். வீழ்ந்தோரை நிலையாக விலக்கிவிடாமல், மனம் வருந்துவோரை மீண்டும் ஏற்க வேண்டும் என்னும் முடிவுக்கு அவரும் பிற ஆயர்களும் வந்தனர். அதே சிப்பிரியான் 258ஆம் ஆண்டு செப்டம்பர் 14ஆம் நாள் வாளுக்கு இரையானார். துணிவு பிறவியிலேயே அமைந்த குணமன்று. ஒருமுறை விலகியவரும் மறுமுறை நிலைநிற்கக்கூடும் என்பதற்கு அவர் எடுத்துக்காட்டாவார். துன்புற்றும் உயிர் தப்பியோரைத் திருச்சபை ‘அறிக்கையாளர்’ எனப் போற்றியதும் நோக்கத்தக்கது. சாவு நேராவிடினும் சான்று நிறைவுறும் என்பது அப்பெயரின் பொருள்.

தேவசகாயத்தின் காலமும் வாழ்வும்

நீலகண்டன் என்னும் இயற்பெயருடைய தேவசகாயம், 1712 ஏப்ரல் 23ஆம் நாள் மார்த்தாண்டம் அருகேயுள்ள நட்டாலத்தில் உயர்குடி எனக் கருதப்பட்ட குடும்பத்தில் பிறந்தார். திருவிதாங்கூரை 1729 முதல் 1758 வரை ஆண்ட மார்த்தாண்டவர்மர் காலத்தில், பத்மநாபபுரத்தில் அரசுப் பணியாற்றினார். 1741 ஆகத்து 10ஆம் நாள் குளச்சல் போரில் டச்சுப் படை தோற்றது. அப்படையைச் சேர்ந்த யுசுத்தாக்கியுசு டிலனாய் பின்னர் மார்த்தாண்டவர்மரின் படையைப் பயிற்றுவித்து, அதன் தலைவர்களுள் ஒருவரானார். கத்தோலிக்கரான அவரோடு ஏற்பட்ட பழக்கமே நீலகண்டனைக் கிறித்தவத்தின்பால் ஈர்த்தது. குடும்பத்தில் நேர்ந்த இழப்புகளால் அவர் சோர்வுற்றிருந்தபோது, விவிலியத்தின் யோபு வரலாற்றை டிலனாய் எடுத்துரைத்தார் என்பது மரபு.

1745 மே 14ஆம் நாள் அவர் திருமுழுக்குப் பெற்றார். அது நிகழ்ந்த வடக்கன்குளம் திருவிதாங்கூர் எல்லைக்கு வெளியே, ஆரல்வாய்மொழிக் கணவாய்க்குக் கிழக்கே உள்ளது. இயேசு சபைக் குருவான புத்தாரி அவருக்கு லாசர் என்னும் பெயரைச் சூட்டினார். அதன் பொருளைத் தமிழில் தருவதே தேவசகாயம் என்னும் பெயர். அவர் மனைவி பார்கவியும் ஞானப்பூ என்னும் பெயரில் திருமுழுக்குப் பெற்றார். வெவ்வேறு சாதியினரோடு வேறுபாடின்றிப் பழகியதும், எல்லாரும் நிகர் எனக் கூறியதும் உயர்நிலையில் இருந்தோரின் சினத்திற்குக் காரணமாயின எனத் திருச்சபை வெளியிட்ட வாழ்க்கைக் குறிப்பு கூறுகிறது.

1749 பிப்ரவரி 23ஆம் நாள் அவர் சிறைப்படுத்தப்பட்டார். அன்று தொடங்கி 1752 சனவரி 14 வரை, ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் அவர் துன்புற்றார். எருக்கம்பூ மாலை சூட்டி எருமைமீது ஏற்றி ஊர்தோறும் கொண்டுசென்றனர் என்றும், அடித்த புண்களில் மிளகாய்ப்பொடி தடவினர் என்றும், பெருவிளையில் வேப்பமரத்தில் கட்டிவைத்தனர் என்றும் மக்கள் மரபு உரைக்கிறது. புலியூர்க்குறிச்சியிலுள்ள முட்டிடிச்சான் பாறை, நீர் வேட்கையால் அவர் முழங்கையால் இடித்தபோது நீர் சுரந்த இடமாகப் போற்றப்படுகிறது. காற்றாடிமலையில் தட்டினால் மணிபோல் ஒலிக்கும் மணியடிச்சான் பாறை, அவர் இறந்தபோது விழுந்து ஒலித்தது என்பர். இவற்றை வரலாற்றுச் செய்திகளாகக் கொள்வதைவிட, நிகழ்ந்ததை நிலத்தில் பதித்துவைத்த மக்கள் நினைவாகக் கொள்வது பொருந்தும். கல் நட்டு நினைவைக் காத்த மரபு, இங்கு இயற்கையாய் அமைந்த பாறைகளையே நினைவுக் கற்களாக்கிக் கொண்டது எனலாம்.

எருமை ஊர்வலத்தின் நோக்கம் கொலையன்று, இழிவுபடுத்தல். அரண்மனைப் பணியில் மதிப்புடன் வாழ்ந்தவரை அவரை அறிந்த ஊர்களின் கண்முன் நகைப்புக்குரியவராக்குவதே அதன் பயன். உடலுக்கு இழைக்கும் துன்பத்தைவிட இது நுண்ணியது. பெர்பெத்துவாவின் தந்தை குடும்பப் பெயரைக் காட்டி மன்றாடியதும், தேவசகாயம் ஊரறிய இழிவுபடுத்தப்பட்டதும் ஒரே அச்சத்தின் இரு முகங்கள். புகழை நிலைக்களனாகக் கொண்ட பெருமிதத்தை அழிப்பதே இரண்டின் குறி. அதனை இழந்த பின்னரும் தறுகண் நிலைநின்றது என்பதே இவ்விருவர் வாழ்விலும் காணப்படும் உண்மை.

‘தம் இறை’ அச்சமும் அரசியற் சூழலும்

தேவசகாயம் சிறையிலிருந்த 1750ஆம் ஆண்டின் தொடக்கத்தில், மார்த்தாண்டவர்மர் தம் நாட்டைத் திருவனந்தபுரம் பத்மநாபசுவாமிக்கு உரிமையாக்கிக் கொடுத்து, தாம் பத்மநாபதாசராக ஆளத் தொடங்கினார். திருப்படித்தானம் என வழங்கும் இந்நிகழ்ச்சிக்குப்பின் அரசப்பற்றும் தெய்வப்பற்றும் ஒன்றோடொன்று பிணைந்தன. பேரரசரின் உருவத்திற்கு நறும்புகை இடுவதே குடிமகனின் பற்றுக்கு அடையாளம் என்றிருந்த உரோமை நிலையோடு இது முற்றும் ஒத்ததன்று எனினும், ஒப்பிடத்தக்கது. அரசும் வழிபாடும் ஒன்றாகும் இடத்தில், நம்பிக்கையில் மாறுபடுதல் அரசுக்கு எதிரான செயலாகவும் தோற்றும்.

இக்கருத்து ஒரு வரலாற்று வாதத்தைத் தெளிவாக்கவும் உதவும். தேவசகாயம் சமயக் காரணத்திற்காகக் கொல்லப்பட்டார் என்பதற்குத் திருவிதாங்கூர் அரசு ஆவணங்களில் சான்றில்லை என்றும், அரசுக்கு இழைத்த குற்றத்திற்காகவே தண்டிக்கப்பட்டார் என்றும் வரலாற்றறிஞர் சிலர் கூறியுள்ளனர். மறுபுறம், அவர் இறந்த நான்கு ஆண்டுகளுக்குள், 1756இல், கொச்சி ஆயர் கிளமெண்டு லெய்த்தான் உரோமைக்கு அனுப்பிய அறிக்கை இதனைச் சமயத்திற்கான சாவாகவே பதிவுசெய்கிறது. உரோமையிலும் கிறித்தவர் சமயக் குற்றத்திற்காகவா அரசப் பிழைக்காகவா தண்டிக்கப்பட்டனர் என்னும் வினா எழுந்ததுண்டு. அரசரின்பால் காட்டும் பற்று வழிபாட்டு வடிவம் பெறும் ஆட்சியில், இவ்விரண்டையும் முற்றாகப் பிரித்தறிதல் இயலாது. ஆகவே ‘அரசுக் குற்றமா, சமயமா’ என ஒன்றையே தேர்ந்துகொள்ளும் வினா, அக்காலச் சூழலுக்குப் பொருந்துவதாகத் தோன்றவில்லை.

இதனை இந்துக்களுக்கும் கிறித்தவருக்கும் இடையிலான பகைக் கதையாகச் சுருக்குவதும் பொருந்தாது. அதே அரசர் கத்தோலிக்கரான டிலனாயிடம் தம் படையை ஒப்படைத்திருந்தார். 1777இல் இறந்த டிலனாயின் கல்லறை உதயகிரிக் கோட்டையில் இலத்தீன், தமிழ் எழுத்துகளோடு இன்றும் உள்ளது. அயல்நாட்டவர் ஒருவரின் கிறித்தவம் அரசுக்கு இடையூறாகவில்லை. உள்நாட்டு உயர்குடியினர் ஒருவர் தம் பிறப்பு வகுத்த எல்லையைக் கடந்ததே இடையூறாயிற்று. தேவசகாயத்தின் சான்று ஒரு சமயத்துக்கு எதிரானதன்று. பிறப்பால் மனிதரை அடுக்கும் ஒழுங்குக்கு எதிரானது எனக் கொள்வதே சான்றுகளோடு இயைகிறது. 1982இல் மண்டைக்காட்டுக் கலவரத்தைக் கண்ட இம்மாவட்டத்தில், அவர் வரலாற்றைச் சொல்லும் முறையில் இவ்வேறுபாட்டைப் பேணுவது இன்றியமையாதது.

முன்மாதிரி என்பதன் பொருள்: வடக்கன்குளம் காட்டும் பாடம்

தமிழகத்தில் தேவசகாயத்திற்கு முன்னரும் மறைசாட்சிகள் இருந்தனர். போர்த்துகீசிய இயேசு சபைக் குருவான அருளானந்தர் என்னும் ஜான் தெ பிரித்தோ 1693 பிப்ரவரி 4ஆம் நாள் ஓரியூரில் கொல்லப்பட்டார். ஆயினும் அவர் துறவி. அயல்நாட்டிலிருந்து இதற்கெனவே வந்தவர். தேவசகாயமோ மனைவியும் பணியும் உறவும் உடையவர். இல்லற வாழ்வில் நிற்கும் நம்பிக்கையாளருக்கு அவர் நெருக்கமான முன்மாதிரியாவது இதனால்தான்.

முன்மாதிரியைப் போற்றுவதும் பின்பற்றுவதும் ஒன்றல்ல. இதற்கு வடக்கன்குளமே சான்று. தேவசகாயம் திருமுழுக்குப் பெற்ற அவ்வூரில் 1872இல் எழுந்த திருக்குடும்ப ஆலயம், சாதிப் பிரிவினைக்கு இடமளித்து இரு கிளைகளாகக் கட்டப்பட்டது. அதன் வடிவத்தால் அது கால்சட்டைக் கோயில் எனவும் அழைக்கப்பட்டது. ஒரே பலிபீடத்தை நோக்கி அமர்ந்த மக்கள் ஒருவரையொருவர் காணாதவாறு ஒரு தடுப்பு நின்றது. பல ஆண்டு வழக்குக்கும் பூசலுக்கும் பின்னர் 1910இல்தான் அது இடிக்கப்பட்டது. எல்லாரும் நிகர் எனக் கூறியமைக்காக உயிரிழந்தவரின் நினைவு வாழ்ந்த மண்ணில், அவர் இறந்து 158 ஆண்டுகள் கழிந்த பின்னரே அத்தடுப்பு வீழ்ந்தது என்பது ஆழ்ந்து சிந்திக்கத்தக்கது.

இங்கு ‘தம் இறை’ அரசரல்லர். தம் சாதி, தம் குடும்பம், தம் ஊர். தொல்காப்பியம் கூறும் நான்காம் அச்சத்தின் எல்லை இவ்வாறு விரிகிறது. அரசரிடம் அஞ்சாதவர்கூடத் தம் உறவினரிடம் அஞ்சுவதுண்டு. திருமணத்திலும் கல்லறைத் தோட்டத்திலும் ஊர்ப்பொதுவிலும் சாதியை மறுக்க ஒருவருக்குத் தேவைப்படும் துணிவு, காற்றாடிமலையில் தேவைப்பட்ட துணிவின் இனத்தைச் சேர்ந்ததே. அளவில் வேறுபடலாம், இயல்பில் வேறன்று. புனிதர் பட்ட அறிவிப்பில் ‘பிள்ளை’ என்னும் சாதிப்பெயர் நீக்கப்பட்டு, தேவசகாயம் என்னும் பெயர் மட்டும் வழங்கப்பட்டதை இப்பின்னணியில் வைத்தே புரிந்துகொள்ள வேண்டும். ஒரு பெயரை நீக்குதல் எளிது. அப்பெயர் குறிக்கும் வேற்றுமையை வாழ்வில் நீக்குவதே அரிது.

முடிவுரை

மேற்கண்ட ஒப்பீட்டால் பின்வரும் கருத்துகள் பெறப்படுகின்றன.

தொடக்கக் காலக் கிறித்தவ மறைசாட்சிகளின் துணிவு சாவை நாடிய துணிவன்று. போலிக்கார்ப்பு ஒதுங்கியிருந்ததும், குயிந்துவின் துடுக்கு பழிக்கப்பட்டதும், சிப்பிரியான் மறைந்திருந்து பின் நிலைநின்றதும் இதனை உணர்த்துகின்றன.

அத்துணிவு, தொல்காப்பியம் கூறும் அச்சக் களன்களுள் நான்காவதாகிய ‘தம் இறை’ முன் நிகழ்வது. ஆகவே அது உயிரச்சத்தோடு பழியச்சத்தையும் வெல்வது.

தேவசகாயத்தின் மூன்றாண்டுத் துன்பம், துணிவு என்பது ஒரு நொடியின் எழுச்சியன்று, நாள்தோறும் புதுப்பிக்கப்படும் உறுதி என்பதைக் காட்டுகிறது. அவரது சான்று சமயப் பகையின் விளைவன்று. மனித நிகர்மையின் சான்று.

வடக்கன்குளத் தடுப்பின் வரலாறு, மறைசாட்சியைப் போற்றும் சமூகமே அவர் சான்றை மறக்கவும் கூடும் என எச்சரிக்கிறது.

தமிழ் மரபு தறுகணைக் கொடையோடு சேர்த்தெண்ணியது. மறைசாட்சி கொடுப்பது தம் உயிரை மட்டுமன்று. தம் பிறப்பு தந்த மதிப்பையும் பிறர் பொருட்டு விட்டுக்கொடுக்கிறார். உயிரைக் கொடுக்கும் தேவை இன்றைய நம்பிக்கையாளருள் பெரும்பாலோருக்கு நேர்வதில்லை. அம்மதிப்பை விட்டுக்கொடுக்கும் தேவையோ ஒவ்வொரு நாளும் நேர்கிறது. காற்றாடிமலைக்குச் செல்வோருக்குத் தேவசகாயம் முன்மாதிரியாவது இவ்விடத்திலேயே எனலாம்.